இரட்டை எஞ்சின் மணித்தியாலங்கள்: விமானித் தொழிற்றகைமையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வைத்தியருக்கும் வழக்கறிஞருக்கும் தொழிற்றகைமையை வழங்குவது பரீட்சை. தச்சருக்கும் கொல்லருக்கும் அதனை வழங்குவது கைத்திறன். பயணிகள் விமானத்தின் விமானியாக வர விரும்புபவரிடமோ பரீட்சைச் சித்தியும் கைத்திறனும் இருந்தாற் போதாது. மூன்றாவதாக ஒரு கணக்கும் இருத்தல் வேண்டும். அவர் இதுவரை எத்தனை மணித்தியாலம் வானிற் கழித்தார், அவற்றுள் இரவிற் பறந்தவை எத்தனை, மேகத்தினூடே கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தவை எத்தனை, ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின்களைக் கொண்ட விமானத்திற் பறந்தவை எத்தனை என்பனவெல்லாம் பதிவேடொன்றில் நிரல் நிரலாக எழுதப்பட்டு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டப்பட்டிருக்கும். நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞர் முதலில் நீட்டுவது இப்பதிவேட்டையே.

இந்நிரல்களுள்ளே பல எஞ்சின் விமானத்துக்குரிய நிரல் தனித்து நோக்கத்தக்கது. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஆயிரம் மணித்தியாலம் பறந்தவராயினும், இந்த ஒரு நிரல் வெறுமையாக இருப்பின் அவருக்குப் பயணிகள் விமானத்தில் இடமில்லை. அந்நிரல் எக்காரணத்தால் முக்கியத்துவம் பெற்றது, அதனை நிரப்பும் வாய்ப்பு யாருக்குக் கிட்டியது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மணித்தியாலக் கணக்கு மிகக் கடுமையாகப் பேணப்பட்டதும், அது தொடர்பான பிணக்குகள் நீதிமன்றம்வரை சென்று பதிவு பெற்றதும் ஐக்கிய அமெரிக்காவிலாதலின், அந்நாட்டின் வரலாறே இங்கு பெரிதும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

எஞ்சின்களின் எண்ணிக்கை கூடினாற் பாதுகாப்பும் கூடும் என்பது இன்று நமக்கு வெளிப்படையான உண்மையாகத் தோன்றுகிறது. ஆனால் 1920களில் அது அவ்வாறு தோன்றவில்லை. 1927ஆம் ஆண்டு நியூயோர்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியே பறந்த சார்ள்ஸ் லின்ட்பேர்க் ஒற்றை எஞ்சின் விமானத்தையே வேண்டுமென்று தெரிந்தெடுத்தார். மூன்று எஞ்சின்கள் இருப்பின் அவற்றுள் ஒன்று பழுதடையும் சாத்தியமும் மும்மடங்காகும் என்பது அவர் வாதம். அக்காலத்து மூன்று எஞ்சின் விமானங்கள் நிறைந்த சுமையுடன் இருக்கையில் ஓர் எஞ்சினை இழந்தால் உயரத்தைப் பேண இயலாதனவாகவே பெரும்பாலும் இருந்தன என்பதை எண்ணும்போது அவ்வாதத்தை எளிதிற் றள்ளிவிட முடியாது. எஞ்சினின் தொகையன்று, எஞ்சியிருக்கும் எஞ்சினின் வலுவே காரியம்.

இந்நிலையை மாற்றிய நிகழ்ச்சிகளுள் ஒன்று 1931 மார்ச் 31ஆம் திகதி கன்சாஸ் மாநிலத்தில் நிகழ்ந்தது. ரீ.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் ஃபொக்கர் எஃப்-10 விமானமொன்றின் மரச் சிறகு வானில் முறிந்து எண்மரும் மாண்டனர். இறந்தவர்களுள் நூட் றொக்னி என்னும் புகழ்வாய்ந்த உதைபந்தாட்டப் பயிற்றுநரும் ஒருவராதலின் நாடே அதிர்ந்தது. பசையால் ஒட்டிய மரச் சிறகுகளில் ஈரங் கசிந்து வலுவிழந்தமை தெரியவந்தபின், மர விமானங்களிற் பயணிகளை ஏற்றும் காலம் முடிவுக்கு வரலாயிற்று. உலோகத்தாலான புதிய விமானமொன்றை நாடிய ரீ.டபிள்யூ.ஏ. நிறுவனம் 1932 ஓகஸ்ட் 2ஆம் திகதி விமான உற்பத்தியாளருக்கு அனுப்பிய கடிதம் வானூர்தி வரலாற்றிற் பெயர்பெற்றது. மூன்று எஞ்சின்களைக் கொண்ட விமானமே அதிற் கேட்கப்பட்டது. நிறைந்த சுமையுடன், ரீ.டபிள்யூ.ஏ. பயன்படுத்தும் எந்த விமான நிலையத்திலிருந்தும், ஓர் எஞ்சின் நின்றபோதும் கிளம்பக்கூடியதாக அது இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் அதனோடு சேர்ந்தது. நிறுவனத்தின் ஆலோசகராக இருந்து இந்நிபந்தனையை வற்புறுத்தியவர் லின்ட்பேர்க்! ஐந்தாண்டுகளின் முன் ஒற்றை எஞ்சினுக்காக வாதாடியவரே இவர் என்பது சுவையான முரண்பாடு.

டக்ளஸ் நிறுவனம் மூன்று எஞ்சினுக்குப் பதிலாக இரண்டே போதும் எனத் துணிந்து டீ.சீ.-1 என்னும் விமானத்தை உருவாக்கிற்று. 1933 ஜூலை 1ஆம் திகதி அது முதன்முதற் பறந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் அரிசோனாவிலுள்ள வின்ஸ்லோ விமான நிலையத்திற் பரீட்சை நடந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,900 அடி உயரத்தில் உள்ள நிலையம் அது; காற்றின் அடர்த்தி குறைந்த இடமாதலின் எஞ்சினும் சிறகும் ஒருங்கே வலுக்குன்றும். விமானம் ஓடுபாதையில் விரைந்துகொண்டிருக்கையிலேயே ஓர் எஞ்சின் நிறுத்தப்பட்டது. மற்றைய எஞ்சினின் வலுவாலேயே கிளம்பிய விமானம் நியூ மெக்சிக்கோவின் அல்புகேர்க்கி வரை சென்றிறங்கியது. அன்றைய பரீட்சையின்பின் இரண்டு எஞ்சின் என்பது வெறும் நம்பிக்கை என்ற நிலையிலிருந்து கணக்கிட்டுக் காட்டக்கூடிய பாதுகாப்பு என்ற நிலைக்கு உயர்ந்தது. 1934இல் ஐக்கிய அமெரிக்க அரசு ஒற்றை எஞ்சின் விமானங்கள் பயணிகள் சேவையில் ஈடுபடுவதற்குக் கடுங் கட்டுப்பாடுகளை விதித்தது. 1935 டிசெம்பர் 17ஆம் திகதி முதன்முதற் பறந்த டீ.சீ.-3, உலகின் பல பாகங்களிலும் விமான சேவைகளின் அடித்தளமாயிற்று. நம் நாட்டின் எயார் சிலோன் நிறுவனமும் 1947 டிசெம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பயணத்தை மேற்கொண்டது டீ.சீ.-3 விமானத்திலேயே.

விமானம் மாறவே விமானியிடம் வேண்டப்படும் அறிவும் மாறியது. இரட்டை எஞ்சின் விமானத்தில் எஞ்சின்கள் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சிறகுகளில் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று நின்றுவிட்டால் வலுவிற் பாதி போவதோடு தொல்லை முடிவதில்லை. இயங்கும் எஞ்சின் ஒரு பக்கத்தை முன்னே தள்ள, நின்றுபோன எஞ்சினின் சுழலி காற்றைத் தடுத்து மறுபக்கத்தைப் பின்னே இழுக்கும். விமானம் செத்த எஞ்சினின் பக்கமாகத் திரும்பிச் சரியும். விமானி மறுபக்கத்துச் சுக்கான் மிதியை அழுத்தி அதனை நேர்ப்படுத்தல் வேண்டும். குறிப்பிட்டவொரு வேகத்துக்குக் கீழே சென்றுவிட்டாற் சுக்கானுக்கு அவ்வலு இராது; விமானம் புரண்டுவிடும். ஆகவே முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்தல், பின் நின்றது எந்த எஞ்சின் என உறுதிசெய்தல், அதன்பின் அச்சுழலியின் அலகுகளைக் காற்றோட்டத்துக்கு இசையத் திருப்பி இழுவையைக் குறைத்தல் என்பன சில வினாடிகளுள் முறை பிறழாமல் நிகழவேண்டும். எந்தக் கால் வேலையின்றி ஓய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சினே நின்றது என்று பயிற்றுநர்கள் சொல்லிக்கொடுப்பதுண்டு. இத்தகைய அறிவு நூலிலிருந்து வருவதன்று. அதனாலேயே இரட்டை எஞ்சின் மணித்தியாலத்துக்கு வேறெந்த மணித்தியாலத்துக்கும் இல்லாத விலை ஏற்பட்டது. இரண்டாவது எஞ்சினின் பயன் விபத்து நடக்கும் இடம்வரை விமானியைக் கொண்டுசெல்வதே என்ற கசப்பான வேடிக்கைப் பேச்சு விமானிகளிடையே வழங்குவதும் இக்காரணம்பற்றியே.

இதுவரை கூறியது பொறியியல். இனி வருவது சமூக வரலாறு.

மணித்தியாலம் என்னும் அளவுகோல் ஒரு வகையில் மிக நேர்மையானது. அது குலத்தையோ கல்லூரியையோ கேட்பதில்லை. பறந்தாயா என்று மட்டுமே கேட்கும். ஆனால் பறப்பதற்கு விமானம் வேண்டும். இரட்டை எஞ்சின் விமானமோ தனியொருவரால் எளிதில் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ இயலாதது. அது விமான சேவையிடம் இருந்தது, படைகளிடம் இருந்தது. எனவே மணித்தியாலத்தைக் கேட்டவர்களே மணித்தியாலத்தைக் கொடுக்கும் இடத்திலும் இருந்தனர்.

ஹெலன் றிச்சியின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1934 டிசெம்பரில் சென்ட்ரல் எயார்லைன்ஸ் என்னும் சிறு நிறுவனம் இவரைத் துணை விமானியாக அமர்த்தியது. ஒழுங்கான பயணிகள் சேவையொன்றில் ஐக்கிய அமெரிக்கப் பெண்ணொருவர் விமானியானது இதுவே முதற்றடவை. வொஷிங்டனுக்கும் டிட்ரொயிட்டுக்கும் இடையே மூன்று எஞ்சின் ஃபோர்ட் விமானத்தில் அவர் பறந்தார். விமானிகள் சங்கம் ஆட்சேபித்தது. அரசாங்க விமானத் திணைக்களமோ அவரை நல்ல வானிலையில் மாத்திரமே பறக்கவிடலாம் என ஆலோசனை கூறிற்று. இவ்வாலோசனையின் நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். அவர் பதவியிலிருந்து நீக்கப்படவில்லை; பதவி இருந்தது, பறப்புத்தான் இல்லை. அந்நிலையில் வருடக் கணக்காக இருந்தாலும் பதிவேட்டில் மேக மணித்தியாலமோ இரவு மணித்தியாலமோ ஏறப்போவதில்லை; அவையின்றித் தலைமை விமானியாகவும் முடியாது. பத்து மாதங்களுள் ஒரு டசின் பயணம்கூட வாய்க்காத நிலையில் அவர் தாமே விலகினார். இதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு ஐக்கிய அமெரிக்காவின் பெரிய பயணிகள் சேவைகளிற் பெண் விமானி எவரும் இடம்பெறவில்லை.

பறப்பு மணித்தியாலத்தைப் பொதுமக்களுக்குப் பெருந்தொகையாக வழங்கியது யுத்தமும் யுத்தத்துக்கான ஆயத்தமுமே. 1938 டிசெம்பர் இறுதியில் ஜனாதிபதி றூஸ்வெல்ற் பல்கலைக்கழக மாணவர் இருபதினாயிரம் பேருக்கு ஆண்டுதோறும் பறப்புப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை அறிவித்தார். பல்கலைக்கழகங்கள் வகுப்பறையைத் தந்தன. அயலிலிருந்த பறப்புப் பள்ளிகள் விமானத்தைத் தந்தன. கறுப்பின மாணவர் பயின்ற டஸ்கீகி நிறுவனம் முதலியனவும் இதிற் சேர்க்கப்பட்டன. பத்து ஆண்களுக்கு ஒரு பெண் என்ற விகிதத்தில் பெண்களுக்கும் இடம் இருந்தது. 1941இல் அவ்விடமும் மூடப்பட்டது. இத்திட்டம் வழங்கியவை பெரும்பாலும் இலகுவான ஒற்றை எஞ்சின் மணித்தியாலங்களே எனினும், அடுத்த படிக்கு ஏறுவதற்கான முதற் படி அதுவாயிற்று.

இரண்டாம் உலகப்போர் அடுத்த படியையும் அமைத்தது. குண்டுவீச்சு விமானங்களும் போக்குவரத்து விமானங்களும் பல்லாயிரம் இளைஞருக்கு அரசாங்கச் செலவில் இரண்டு எஞ்சின், நான்கு எஞ்சின் மணித்தியாலங்களை வழங்கின. யுத்தம் முடிந்ததும் இவர்களே விமான சேவைகளின் வாயிலில் நின்றனர். அதன்பின் பல தசாப்தங்களாக அமெரிக்க விமான சேவைகள் தம் விமானிகளுட் பெரும்பான்மையோரைப் படையிலிருந்தே பெற்றன. படைக்கு யார் சேர்க்கப்பட்டனர், அங்கு எவ்வகை விமானம் கொடுக்கப்பட்டது என்பவை பிற்காலத்தில் யார் பயணிகள் விமானத்தை ஓட்டுவர் என்பதையும் தீர்மானித்துவிட்டன.

பிரித்தானியாவில் விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து படைத் தளத்துக்குக் கொண்டுசேர்க்க அமைக்கப்பட்ட துணை விமானப் போக்குவரத்துச் சேவையில் 1940 ஜனவரி தொடக்கம் பெண்களும் சேர்க்கப்பட்டனர். அச்சேவை விமானங்களை ஆறு வகுப்புகளாகப் பிரித்திருந்தது. இலகுவான ஒற்றை எஞ்சின் முதலாம் வகுப்பு. மூன்றாம், நான்காம் வகுப்புகள் இரட்டை எஞ்சின். ஐந்தாவது நான்கு எஞ்சின். ஆறாவது கடல் விமானம். ஒரு வகுப்பில் அனுபவம் நிரம்பியவர் அடுத்த வகுப்புக்கு ஏற்றப்பட்டார். ஆண் பெண் பேதமின்றி ஒரே ஏணி அமைந்ததும், 1943 முதல் ஒரே சம்பளம் வழங்கப்பட்டதும் அக்காலத்துக்குப் பெரும் புதுமைகள். லெற்றிஸ் கேர்ட்டிஸ் என்னும் பெண்மணி நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டுவதற்கு முதலிற் றகுதி பெற்றார். வேறு சில பெண்களும் அவரைத் தொடர்ந்தனர். யுத்தம் முடிந்தபின் அவர்களது பதிவேடுகளில் ஆண்களுக்கு நிகரான மணித்தியாலங்கள் இருந்தன. விமான சேவைகளில் இடம்பெற்றவரோ மிகச் சிலரே.

ஐக்கிய அமெரிக்காவிலும் இதே கதைதான். படைக்காகப் பறந்த பெண் விமானிகள் 1,074 பேர் பயிற்சி முடித்தனர். 38 பேர் கடமையில் உயிர்நீத்தனர். 1944இல் புதிய பீ-29 விமானத்தின் எஞ்சின்கள் தீப்பற்றுவதைக் கண்டு ஆண் விமானிகள் தயங்கியபோது, போல் ரிபெற்ஸ் என்னும் படை அதிகாரி இரு பெண்களைச் சில நாட்களிற் பயிற்றுவித்து அந்நான்கு எஞ்சின் விமானத்தைத் தளந்தோறும் ஓட்டிக் காட்டச் செய்தார். அவர்கள் சாதாரணமாக இறங்கிவருவதைக் கண்ட ஆண்கள் அதன்பின் தயங்கவில்லையாம். அவ்வாண்டு டிசெம்பர் 20ஆம் திகதி பெண்கள் பிரிவு கலைக்கப்பட்டது. படைவீரர் என்ற அந்தஸ்தும் அவர்களுக்கு 1977இலேயே சட்டத்தால் வழங்கப்பட்டது.

கறுப்பின விமானிகளின் நிலை இன்னொரு வகையிற் சிக்கலானது. டஸ்கீகியிற் பயிற்சி பெற்று ஐரோப்பியப் போர்முனையிற் புகழீட்டியவர்கள் ஓட்டியவை பெரும்பாலும் ஒற்றை எஞ்சின் போர் விமானங்கள். இரட்டை எஞ்சின் பீ-25 விமானங்களைக் கொண்ட 477ஆவது குண்டுவீச்சுப் பிரிவு அவர்களுக்கெனப் பிந்தியே அமைக்கப்பட்டது. 1945 ஏப்ரலில், இனஒதுக்கலான அதிகாரிகள் விடுதி விதியை ஏற்றுக் கையொப்பமிட மறுத்தமைக்காக அப்பிரிவைச் சேர்ந்த 101 அதிகாரிகள் கைது செய்யப்பட்டனர். போருக்குச் செல்லாமலே அப்பிரிவின் யுத்தம் முடிந்தது. எனவே பறப்புத் திறனில் எவர்க்கும் இளையாத அவ்வீரருட் பலரது பதிவேட்டில், விமான சேவை கேட்கும் அந்த ஒரு நிரல் மெலிந்தே கிடந்தது. ‘தகைமை போதாது’ என்று கூறுவது எத்துணை எளிதாயிருந்திருக்கும்!

தகைமை போதும் என்று எவரும் மறுக்கமுடியாத ஒருவர் வந்தபோது என்ன நடந்தது என்பதை மார்லன் கிறீன் வழக்குக் காட்டுகிறது. ஆர்க்கன்சாஸ் மாநிலத்தவரான கிறீன் விமானப் படையிற் கப்டன் பதவி வகித்தவர். பல எஞ்சின் விமானங்களில் ஏறத்தாழ 3,000 மணித்தியாலம் பறந்தவர். 1957இற் படையிலிருந்து விலகிப் பல விமான சேவைகளுக்கு விண்ணப்பம் அனுப்பினார். அவ்விண்ணப்பங்கள் இனத்தைக் குறிப்பிடும்படியும் புகைப்படம் இணைக்கும்படியும் கேட்பன. டென்வர் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கொன்டினென்டல் நிறுவனத்துக்கு அனுப்பியதில் அவர் இனத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, படத்தையும் இணைக்கவில்லை. பறப்புப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. பரீட்சையில் அவர் சித்தியெய்தினார். அவரைவிடக் குறைந்த மணித்தியாலமுடைய வெள்ளையர் வேலை பெற, அவர் பெறவில்லை.

கொலராடோ மாநிலத்தின் பாகுபாட்டுக்கெதிரான ஆணைக்குழு விசாரித்து, மறுப்புக்கு இனமன்றி வேறு காரணமில்லை எனத் தீர்ப்பளித்தது. ஆனால் மாநில நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கமே சாய்ந்தன. மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகத்தை ஒழுங்குபடுத்துவது மத்திய அரசின் உரிமை. ஆகவே மாநிலமொன்றின் பாகுபாட்டுத் தடைச்சட்டம் விமான சேவையைக் கட்டுப்படுத்தாது என்பது அங்கு எடுபட்ட வாதம். விமானம் பல மாநிலங்களின் மேலாகப் பறப்பதால் எந்த மாநிலத்தின் நீதியும் அதனைத் தொடாது என்பதே இதன் பொருள். 1963 ஏப்ரல் 22ஆம் திகதி ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் இதனை ஏகமனதாக நிராகரித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஹியூகோ பிளாக்.

இவ்வழக்கில் என் கவனத்தை ஈர்ப்பது தீர்ப்பன்று, அதற்கெடுத்த காலம். 1957இற் பரீட்சையிற் சித்தியெய்தியவர் வேலையில் அமர்ந்தது 1965இல். விமான சேவைகளிற் பதவி, சம்பளம், வழித்தடம், விடுமுறை யாவும் சேவை மூப்பைக்கொண்டே நிர்ணயிக்கப்படும். ஒரு நாள் முந்திச் சேர்ந்தவர் வாழ்நாள் முழுவதும் முந்தியே இருப்பார். அன்றி, பறக்காத விமானியின் மணித்தியாலம் எண்ணிக்கையிற் குறைவதில்லையாயினும் மதிப்பிற் பழையதாகிவிடும். அண்மையிற் பறந்தவரையே நிறுவனங்கள் நாடும். கிறீன் வழக்காடிய எட்டாண்டுகளில் அவருடன் பரீட்சைக்கு நின்றவர்கள் ஆயிரக்கணக்கான மணித்தியாலங்களைச் சேர்த்திருப்பர். 1966இல் அவர் தலைமை விமானியாகி 1978இல் ஓய்வு பெற்றார். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 2010இல் அதே நிறுவனம் போயிங் 737 விமானமொன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. பெரிய பயணிகள் சேவையொன்றில் முதலிற் சேர்ந்த கறுப்பின விமானி என்ற பெயரோ, பீ-52 விமானம் ஓட்டிய டேவிட் ஹரிஸுக்கே உரியதாயிற்று. அவரை அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1964இற் சேர்த்தது. கிறீன் திறந்த கதவால் அவருக்கு முன்னே இன்னொருவர் நுழைந்தார் எனலாம்.

அதே டென்வர் நகரில் எமிலி ஹொவெல் என்னும் பெண் பறப்புப் பயிற்றுநராக இருந்தார். அவரிடம் பயின்ற ஆண்கள் அவரினுங் குறைந்த மணித்தியாலத்துடன் ஒருவர்பின் ஒருவராக விமான சேவைகளுக்குச் சென்றனர். ஏறத்தாழ 7,000 மணித்தியாலம் சேர்ந்தபின், 1973 ஜனவரியில், பல ஆண்டுகள் விண்ணப்பித்து வந்த ஃபுரொன்ரியர் நிறுவனம் அவரை ஏற்றது. படை வழி பெண்களுக்கு 1970களின் நடுப்பகுதி வரை அடைபட்டே இருந்தமையால், பயிற்றுவித்தலின்மூலம் மணித்தியாலம் சேர்ப்பதே அவர்களுக்கிருந்த வழி. பிரித்தானிய எயார்வேய்ஸ் தன் முதற் பெண் விமானியைச் சேர்த்தது 1987இல். அயல்நாடாகிய இந்தியா இவ்விடயத்தில் முந்திக்கொண்டது. 1947இலேயே பிரேம் மாத்தூர் டெக்கான் எயார்வேய்ஸில் துணை விமானியானார். தலைமை விமானியாகும் வாய்ப்பு அங்கு அவருக்குக் கிட்டவில்லை. துர்பா பானர்ஜி, விமானத்திலிருந்து நில அளவை செய்யும் நிறுவனமொன்றில் டீ.சீ.-3 ஓட்டி, அந்த இரட்டை எஞ்சின் அனுபவத்துடன் 1966இல் இந்தியன் எயார்லைன்ஸ் சேவையிற் சேர்ந்தார்.

மணித்தியாலத் தொகை இயற்கை விதியொன்றன்று என்பதற்கு பிரித்தானியாவின் ஹாம்பிள் கல்லூரி சான்று. அரசுடைமையாயிருந்த பீ.ஓ.ஏ.சீ., பீ.ஈ.ஏ. ஆகிய இரு நிறுவனங்களுக்காகவும் 1960இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரியில், பள்ளிவிட்ட இளைஞர் நிறுவனச் செலவில் ஒற்றை எஞ்சினிலும் பின் இரட்டை எஞ்சினிலும் பயின்று, சில நூறு மணித்தியாலங்களுடனேயே பெரிய விமானத்தின் துணை விமானி ஆசனத்தில் அமர்ந்தனர். ஜெர்மனியும் பிரெமனில் இவ்வாறே செய்தது. 2006இல் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் அறிமுகப்படுத்திய பல விமானியர் அனுமதிப்பத்திரமும் 240 மணித்தியாலப் பயிற்சியையே வேண்டுவது. அதிற் பெரும்பகுதி தரையிலுள்ள போலிப் பறப்புப் பொறியில் நிகழலாம். மணித்தியாலம் சேர்ப்பதை இளைஞரின் தனிப் பொறுப்பாக விட்டுவிடுவதும், நிறுவனம் அதனைத் தன் பொறுப்பாக ஏற்பதும் இருவேறு மரபுகள். ஐக்கிய அமெரிக்கா முன்னையதையே பற்றி நின்றது.

அம்மரபில் வளரும் இளைஞர் எவ்வாறு மணித்தியாலம் சேர்க்கின்றனர்? விளம்பரச் சீலையை இழுத்துக்கொண்டு கடற்கரைமேற் பறத்தல், முன்னாளிற் காசோலைப் பொதிகளை இரவிற் சுமந்து நகருக்கு நகர் பறத்தல், மற்றவரைப் பயிற்றுவித்தல் என்பன பழகிய வழிகள். இரட்டை எஞ்சின் விமானத்தின் வாடகை ஒற்றை எஞ்சினுடையதைப்போற் பன்மடங்காதலின், இருவர் சேர்ந்து ஒன்றை எடுத்து, ஒருவர் வெளியே பார்வை செல்லாதபடி மறைப்பணிந்து கருவிகளைக்கொண்டு ஓட்ட, மற்றவர் வெளியே பார்த்துக் காவலிருப்பர். விதிப்படி இருவருமே அம்மணித்தியாலத்தைப் பதியலாம். பல எஞ்சின் பயிற்றுநராவதற்கு அவ்வகை விமானத்தில் 15 மணித்தியாலம் பொறுப்பு விமானியாகப் பறந்திருத்தல் வேண்டும். அதன்பின் மாணவரின் பணத்தில் தம் நிரலை நிரப்பலாம். இன்னொரு வழியும் உண்டு. பறக்காத மணித்தியாலத்தைப் பேனையாற் பறப்பது. புகழ்பெற்ற போர் விமானத்தின் எண்ணையும் புகழ்பெற்ற பார்க்கர் பேனையின் எண்ணையும் இணைத்து, ‘ஐம்பத்தொன்றிற் பறந்தவர்’ என்று இத்தகையோரை விமானிகள் எள்ளுவர்.

2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கருகே கொல்கன் எயார் நிறுவனத்தின் இரட்டை எஞ்சின் விமானமொன்று வீழ்ந்து 50 பேர் மாண்டனர். எஞ்சின்கள் பழுதடையவில்லை. வேகம் குறைந்து எச்சரிக்கை ஒலித்தபோது தலைமை விமானி மூக்கைத் தாழ்த்துவதற்கு மாறாக உயர்த்தினார். விசாரணையின்போது துணை விமானியின் சொற்பச் சம்பளமும், கடமைக்கு வருவதற்காக அவர் நாட்டின் ஓர் அந்தத்திலிருந்து மறு அந்தத்துக்கு இரவு முழுதும் பயணஞ் செய்தமையும் வெளிவந்தன. இறந்தோரின் உறவினர் விடாது போராடினர். 2010 ஓகஸ்டில் நிறைவேறிய சட்டமும் அதன்வழி 2013இல் வந்த விதியும் துணை விமானிக்கும் 1,500 மணித்தியாலத்தைக் கட்டாயமாக்கின. அதற்கு முன் 250 மணித்தியாலமே துணை விமானிக்குச் சட்டம் வேண்டியது. பல எஞ்சின் விமானத்தில் 50 மணித்தியாலம், அதில் 25 வரை போலிப் பறப்புப் பொறியில் இருக்கலாம் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

இதிலொரு முரண்பாடு உண்டு. அவ்விமானத்தின் தலைமை விமானிக்கு 3,379 மணித்தியாலமும் துணை விமானிக்கு 2,244 மணித்தியாலமும் இருந்தன. புதிய விதி அன்றே நடைமுறையில் இருந்திருந்தாலும் மணித்தியாலத் தொகையை மட்டும் கொண்டு இருவருள் எவரையும் அது தடுத்திராது. 1989 ஜனவரி 8ஆம் திகதி இங்கிலாந்தின் கெக்வேர்த் என்னுமிடத்தில் இரட்டை எஞ்சின் போயிங் விமானமொன்று வீழ்ந்து 47 பேர் இறந்தமைக்குக் காரணம், பழுதடைந்த எஞ்சினை விட்டு நல்ல எஞ்சினை நிறுத்தியமை. அதன் தலைமை விமானி 13,000 மணித்தியாலத்துக்கு மேற் பறந்தவர். அந்தப் புதிய வகை விமானத்திலோ அவர் பறந்தது மிகச் சொற்பம். 2015 பெப்ரவரியில் தாய்பேயில் இதே தவறு மீண்டும் நிகழ்ந்து 43 உயிர்களைக் கொண்டுசென்றது. மறுபக்கத்தில், விதி இறுகியபின் ஐக்கிய அமெரிக்காவின் சிறு விமான சேவைகள் ஆட்பற்றாக்குறையால் விமானிகளின் சம்பளத்தைப் பன்மடங்கு உயர்த்த நேர்ந்தது என்பதையும் கூறவேண்டும். வறுமைச் சம்பளத்தில் இரவு விழித்துப் பயணஞ் செய்யும் துணை விமானியின் நிலை அவ்வழியால் மாறியதெனின், உறவினரின் போராட்டம் தான் குறிவைத்த இடத்தை விட்டு வேறிடத்திற் பயனளித்தது என்றே கொள்ளவேண்டும்.

1,500 என்ற எண்ணுக்கு அவ்விதியே விலக்கும் அளித்திருக்கிறது. படையிற் பறந்தவருக்கு 750 போதும். விமானத்துறையிற் பட்டம் பெற்றவருக்கு 1,000. ஈராண்டுக் கல்லூரித் தகைமை பெற்றவருக்கு 1,250. படையும் பல்கலைக்கழகமும் இவ்வாறு மீண்டும் மணித்தியாலமாக மாற்றப்பட்டுள்ளன. இரண்டிலும் இடம்பெறாதவர் முழுத் தொகையையும் தம் பணத்திலேயே பறந்து தீர்க்கவேண்டும். போலிப் பறப்புப் பொறியிற் செய்யும் பயிற்சியைக் கூடுதலாகக் கணக்கிற் கொள்ளவேண்டும் என ஒரு சாராரும், கூடாதென இறந்தோரின் உறவினரும் விமானிகள் சங்கமும் பின்னர் காங்கிரசில் வாதிட்டனர். 2024 மே மாதம் நிறைவேறிய சட்டம் அந்த எண்ணை மாற்றாமலே விட்டது.